முதல் பாகத்தில் கிழிந்தது

சாம்பிள் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் பி.எஃப். காகிதத்தில் கையெழுத்துப் போட நம் ஷூ ஆலைக்கு வந்திருந்தேன். கேன்டீனில் உங்கள் மேசைக்குப் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அந்தப் பறக்கிற வீரன் படத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். முதல் பாகம் மொக்கை, கிளைமாக்ஸ் பொம்மைப் படம் மாதிரி இருந்தது, ரெண்டாவதில் எல்லாக் குறையையும் தீர்த்துவிட்டார்கள் என்று ஒருத்தி. முதல் பாகத்துக்குக் கொடுத்த இரண்டரை மணி நேரத்தை யார் திருப்பித் தருவார்கள் என்று இன்னொருத்தன். அப்புறம் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், அந்த டிரெஸ் நம்ம ரூம்லதான தச்சாங்க? நீங்களே சொல்லுங்க. ரெண்டாவது பார்ட் மொதல்ல இருந்த குறைய தீத்துச்சா இல்லியா?"

டீ ஆறுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். முப்பத்தோரு வருடம் அந்த ரூமில் வேலை பார்த்தவள் ஒரு சின்னப் பெண்ணின் கேள்விக்குப் பயந்து ஓடினேன். புதியவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். தோலை வெட்டுவது, ஓரத்தை மெலிதாக்குவது, ஒட்டுவது எல்லாம் மூன்று மாதத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும், அதற்கு நான் வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். இதைப் போடுவார்களா, குப்பையில் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

முதலில் என் திமிரைச் சொல்லிவிடுகிறேன். ஷூவின் மேல்பாகத்தில் மற்றவர்கள் ஒரு அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் போடுவார்கள். நான் பதினான்கு போடுவேன், ஒன்றுகூட வளையாது. நான் சேர்ந்த புதிதில் இருந்த சூப்பர்வைசர் தையல் மேல் ஸ்கேலை வைத்து எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் பிரித்து மேசையில் போட்டுவிட்டுப் போவார். அவருக்குப் பயந்து வந்த பழக்கம், பிறகு எனக்கே பெருமையாகிவிட்டது. ஷூ வாங்க வெளிநாட்டிலிருந்து வரும் பையர் தையலைத் தடவிப் பார்த்து யார் இதைத் தைத்தது என்று கேட்டால், எல்லோரும் என்னைக் காட்டுவார்கள். நெருக்கமான தையல்தான் நல்ல தையல் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆம்பூரில் ஷூ தைத்தவர்கள் யாருக்குமே வந்திருக்காது.

அந்தப் படக் கம்பெனி எப்படியோ நம் மேனேஜர் பாயைப் பிடித்தது. வீரன் போடும் உடுப்பு முழுக்கத் தோலில் வேண்டும், துணியில் செய்தால் மழைக்கோட்டு மாதிரி இருக்கிறது என்றார்கள். அளவு பார்க்க மூன்று பேர் வந்தார்கள். உடுப்பு வடிவமைக்கும் டிசைனர் ஒருவர். நாயகனுக்குப் பதிலாக உயரத்திலிருந்து குதிக்கும் டூப், அவன் பேர் தனா, அரக்கோணத்துக்காரன். அவனைத் தூக்கும் கயிற்றைப் பிடிக்கிற ஏழுமலை, நெமிலிக்காரன். கயிற்றை நாலு பேர் பிடிப்பார்களாம், முன்னால் நிற்பவன் ஏழுமலை. இரண்டு பேருக்கும் முப்பத்தைந்து வயது இருக்கும்.

தனா வாயாடி. ரூமுக்குள் நுழைந்ததும் ஏழுமலையின் தோளில் கையைப் போட்டு, "அம்மா, என்னை அளவெடுக்கறதுக்கு முன்னாடி இவன பாத்துக்கோங்க. இவன் கை இருந்தா நான் கண்ண மூடிட்டு குதிப்பேன்" என்றான்.

"கையுறை போட மாட்டாயாப்பா?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"போட்டா கயிறு இன்னா சொல்லுதுன்னு தெரியாதுமா. வெறுங்கைதான்."

பிரச்சினை இப்படி வந்தது. டூப்புகள் வழக்கமாக உடுப்புக்குள்ளே தடித்த நைலான் பெல்ட் கட்டிக்கொள்வார்கள், கயிறு அதில்தான் மாட்டும். உடம்போடு ஒட்டின தோல் உடுப்பில் அது முதுகில் கூன் மாதிரித் துருத்தியது. இயக்குநருக்குப் பிடிக்கவில்லை என்று டிசைனர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பெல்ட்டே வேண்டாம், இரும்பு வளையத்தை உடுப்பின் முதுகுத் தோலிலேயே பட்டை வைத்துத் தைத்துவிடலாம் என்று அப்போது ஒரு குரல் சொன்னது. அது என் குரல். யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை.

"தாங்குமா மா?" என்று தனா கேட்டான். அந்த ஒரு கேள்வியை மட்டும் சிரிக்காமல் கேட்டான்.

"எண்ணிப் பாரு. அங்குலத்துக்குப் பதினாலு. எங்க வேணா தொங்கு" என்றேன்.

சும்மாவும் சொல்லவில்லை. தோல் பதனிடும் பட்டறையிலிருந்து இரண்டு உப்பு மூட்டை வரவழைத்து, அந்த வளையத்தில் கட்டி, விட்டத்தில் காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை தொங்கவிட்டேன். பட்டை ஒரு நூல்கூட நகரவில்லை. லைனில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். மூட்டை சும்மா தொங்கும். மனுஷன் குதிப்பான், கயிறு அவனை வெடுக்கென்று இழுக்கும், அதை இருபது தடவை செய்வான், அவன் வியர்வையில் தோல் ஊறிக்கொண்டே இருக்கும். இதில் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த தோல் எல்லாம் காலில் நடக்கிற தோல்தான்.

இரண்டு மாதம் கழித்து டிசைனர் போன் செய்தார். படப்பிடிப்பில் மதியம் கிளைமாக்ஸ் எடுக்கும்போது தனா விழுந்துவிட்டான், முதுகெலும்பு முறிந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை, ஏழுமலை கயிற்றை நழுவவிட்டுவிட்டான் என்றார். பிள்ளைகளே, நான் முதலில் என்ன கேட்டேன் தெரியுமா? "டிரெஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டேன்.

"டிரெஸ் சூப்பர் மேடம்" என்றார் அவர்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஒருவன் விழுந்துகிடக்கிறான், நான் என் தையலைக் காப்பாற்றிக்கொண்டேன். மறுநாள் வேலைக்கு வந்தேன், மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அவர்கள் நிஜ ஆளை வைத்து எடுக்கப் பயந்து, மிச்ச சண்டையைக் கம்ப்யூட்டரில் அவசரமாகச் செய்தார்கள். நீங்கள் பொம்மைப் படம் என்று சிரித்தீர்களே, அது அதுதான். தியேட்டரில் விசில் அடித்து நக்கல் பண்ணினார்கள் என்று கேள்விப்பட்டேன். படம் ஓடவில்லை. உடுப்பை மட்டும் எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் பத்திரிகைத் துண்டை மேனேஜர் பாய் நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தார்.

இரண்டு வருடம் போனது. முதல் பாகத்தில் விட்டதையெல்லாம் பிடிக்கப்போகிறோம் என்று கம்பெனி மறுபடி வந்தது. இந்தத் தடவை ஏழு உடுப்பு. மாதிரிக்காகப் பழைய உடுப்பு ஒன்றைப் பாலித்தீன் பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். பையைப் பிரித்ததும் முதுகைத்தான் பார்த்தேன். வளையம் இருந்த இடத்தில் யாரோ வேறு தோலை வைத்து ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. கத்தி முனையால் நெம்பி எடுத்தேன்.

கீழே நூல் அறவில்லை, என் தையல் அப்படியே இருந்தது. தோல்தான் கிழிந்திருந்தது, தையல் ஓடின வழியிலேயே, ரசீதுப் புத்தகத்தில் ஓட்டை போட்ட இடத்தில் தாள் கிழியுமே, அந்த மாதிரி நேராக. பதினான்கு ஓட்டை போட்ட தோலில் மிச்சம் என்ன தோல் இருக்கும்? காலணிக்கு அழகு, ஆளைத் தாங்கும் பட்டைக்கு எமன். குதிரைக்குச் சேணம் தைக்கிற ஒருவரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். நான் யாரையும் கேட்கிற நிலையில் இல்லை, எல்லோரும் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உடுப்பைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் பாய் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கிழிசலைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

"பாய், கயிறு நழுவல. நம்ம தோல்தான் கிழிஞ்சிருக்குது. அந்த ஏழுமலை மேல பழி போட்டு வேலைய விட்டே தூக்கிட்டாங்களே."

"இன்னா மேடம் பண்ணச் சொல்றீங்க? இப்ப போய் சொன்னா அந்த ஆளுக்கு கால் வந்துடுமா?"

"ஏழுமலைக்கு வேலையாவது வரும்."

"நம்ம பட்டை கிழிஞ்சி ஆள் விழுந்தான்னு வெளிய போச்சுன்னா ஒரு பையர் வரமாட்டான். லைன்ல எத்தன பொம்பளைங்க இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்." உடுப்பை மடித்து என் பக்கம் தள்ளினார். "ஜாஸ்தி பேஜார் பண்ணிக்காதீங்க மேடம். ரெண்டாவதுல கரெக்டா பண்ணிக் குடுத்துடுங்க. அதையே நம்ம தவ்பான்னு வெச்சிக்கலாம்."

தவ்பா என்றால் செய்த பாவத்துக்கு வருந்தித் திருந்துவது. அவர் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் பேசவில்லை. லைன் பெண்களுக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். எனக்கு ரிட்டயர் ஆக ஒரு வருடம் இருந்தது. முப்பது வருடம் என்னைக் காட்டி இவள் தையல் என்று சொன்னவர்கள், இனி இவள் தையலால்தான் என்று காட்டுவார்கள். அந்தப் பயம்தான், வேறு காரணம் கிடையாது.

ஒன்று மட்டும் செய்தேன். கிழிந்த அந்தத் துண்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்து என் டிபன் பையில் போட்டுக்கொண்டேன். தடிமன் பார்க்க வெட்டினேன் என்று டிசைனரிடம் சொன்னேன், அவர் நம்பினார்.

இரண்டாவது உடுப்பை எப்படித் தைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும், அட்டையில் வெட்டின அதன் அச்சு இன்னும் ரூமில் தொங்குகிறது. இரண்டு தோலுக்கு நடுவில் நைலான் பட்டை, அங்குலத்துக்கு ஆறே தையல், தடித்த நூல். உப்பு மூட்டையை இந்தத் தடவை சும்மா தொங்கவிடவில்லை. பட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மூட்டையைக் கட்டி, பரண் மேலிருந்து நாற்பது தடவை தள்ளிவிட்டேன். நாற்பதாவது தடவையும் அது தாங்கியபோது யாரும் கை தட்டவில்லை. நான் தனியாகத்தான் இருந்தேன்.

முதுகு மறுபடி துருத்தியது. டிசைனர் மறுபடி தலையில் கை வைத்தார். துருத்தினால் துருத்தட்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்றேன். அவர் போய் இயக்குநரிடம் பேசி, கூனை மறைக்கத் தோளிலிருந்து தொங்குகிற மாதிரி நீளமாக ஒரு மேலங்கி போட்டார். நீங்கள் போன் வால்பேப்பராக வைத்திருக்கிறீர்களே, காற்றில் பறக்கிற அந்தச் சிவப்பு அங்கி, அது என் பழைய தப்பை மூடப் போட்ட துணி. அதைத்தான் ஊரே கொண்டாடியது. கிளைமாக்ஸை நிஜ ஆளை வைத்தே எடுத்தார்கள், யாரும் விழவில்லை. முதல் பாகத்தின் குறைகளை இரண்டாம் பாகம் தீர்த்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். பாய் அதையும் பலகையில் ஒட்டினார்.

ரிட்டயர் ஆன மறுவாரம் ஆம்பூரில் ரயில் ஏறி அரக்கோணம் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், தெரியும். தனா முன்னறையில் போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி. என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தான். துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, என்னால்தான் நீ விழுந்தாய் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்குத் தெரியும்மா" என்றான். "காதுக்குப் பின்னாடி டர்ருனு சத்தம் கேட்டுச்சு. ஆஸ்பத்திரில சொன்னேன். கம்பெனி ஆளு எழுதிக்கினே வந்தாரு. படிச்சிக் காட்டும்போது கயிறு நழுவிச்சுன்னு இருந்துச்சு. வைத்தியம் அவங்க பாத்துக்கறாங்கன்னு வீட்ல சொன்னாங்க. நானும்தான் கையெழுத்துப் போட்டேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். ரீசார்ஜுக்கு வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, திரும்பிப் போய்விட்டார்.

"ஏழுமலைகிட்ட சொல்லுங்கம்மா" என்றான் தனா. "நான் போன் பண்ணா அவன் எடுக்கறதில்ல. என் மூஞ்சில முழிக்கறதில்ல. தான்தான் விட்டுட்டோம்னு நம்பிட்டான்."

அன்று மதியமே பஸ் பிடித்து நெமிலி போனேன். ஏழுமலை மாமனார் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனும் மனைவியும் குனிந்து செடி செடியாக எடுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி எனக்குக் குடிக்க மோர் கொண்டுவந்தாள். வரப்பில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன், பதினான்கு தையல், உப்பு மூட்டை, பாலித்தீன் பை எல்லாம். துண்டைக் காட்டினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"இல்லமா" என்றான். "என் கைதான் விட்டுச்சு."

"இல்லப்பா, இத பாரு, தோல் கிழிஞ்சிருக்குது."

"அது விழுந்ததுல கிழிஞ்சிருக்கும். எனக்கு ஞாபகம் இருக்குதுமா. கயிறு திடீர்னு லேசாப் போச்சு. அப்பதான் விட்டிருக்கேன்."

"ஏழுமல, கயிறு லேசாச்சுன்னா அது உன் கையிலதான் இருந்துது. நழுவியிருந்தா உள்ளங்கைய அறுத்துக்கினு ஓடியிருக்கும். வெறுங்கைதான புடிப்ப? காட்டு, கைய காட்டு."

அவன் இரண்டு கையையும் விரித்தான். மண் ஒட்டியிருந்தது. அவன் மனைவி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். பழைய காய்ப்பு இருந்தது, ஒரு தழும்புகூட இல்லை. மூன்று பேரும் பார்த்தோம். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் கையையே வெகுநேரம் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டான்.

"அப்பவே வந்து சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருப்பேன்மா. மூணு வருஷமா தெனம் பாக்கறேன், இந்தக் கைதான் விடுது." துண்டை என் பையில் அவனே வைத்தான். "தனாகிட்ட போய்ட்டு வந்தீங்களா? சாப்பிடறானா?"

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். தின்றது நான், மூன்று வருடமாகக் குடித்தது அவன். திரைப்படச் சங்கத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் என் பேர் போட்டு, துண்டின் படம் வைத்து எழுதிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. நாளைக்கு உங்கள் கையிலிருந்து போன ஒன்று எங்காவது கிழிந்ததாகக் கேள்விப்பட்டால், முதலில் விழுந்த ஆளைப் பற்றிக் கேளுங்கள். அப்புறம் அன்றைக்கே அந்தப் பொருளை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது உடுப்பு மூன்றாவது ஆளைக் காப்பாற்றும். முதலில் விழுந்தவனுக்கும் அவனைப் பிடித்தவனுக்கும் அதனால் ஒன்றும் இல்லை.

கேன்டீனில் கேட்ட கேள்விக்கு நான் கண்ட பதிலையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் நெமிலியில் என்னை பஸ் ஏற்றிவிட ஏழுமலையும் அவன் மனைவியும் கூடவே வந்தார்கள். ஏழுமலை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பஸ் படி உயரம், எனக்கு முழங்கால் வலி, பக்கத்தில் நின்ற அவன் பக்கம் கையை நீட்டினேன். அவன் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சட்டென்று இரண்டடி பின்னால் போனான்.

"நீ புடிச்சி ஏத்து" என்று அவளிடம் சொன்னான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் ஏறி உட்காரும் வரை நின்றான்.